உம் கொட்டும் பெட்டி

நான் ஓய்வு பெற்ற அன்று, கம்பெனி கேன்டீனில் மாலை போட்டு முடித்ததும், லைனில் வேலை பார்க்கும் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒருவன் புதிதாகக் கல்யாணமானவன். ஒரகடத்தில் வீடு பார்த்து, ஹாலில் வைக்க நல்ல பாட்டு செட் தேடிக்கொண்டிருந்தான். "அண்ணே, நீங்க ஆம்ப்ளிஃபையர்லதான ஆரம்பிச்சீங்க? இப்ப மறுபடி எல்லாரும் வால்வு, வால்வுன்னு அலையறானுங்க. வால்வு வாங்கறதா, டிரான்சிஸ்டர் வாங்கறதா?" என்று கேட்டான்.

நான் யோசிக்கவே இல்லை. "உங்க வூட்ல யாரு ஜாஸ்தி பேசுவீங்க? நீயா, உன் சம்சாரமா?" என்றேன்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பெரிசு ரிட்டயர்மென்ட் குஷியில் உளறுகிறது என்று நினைத்திருப்பார்கள். குஷி என்னவோ உண்மைதான். ஆனால் உளறல் இல்லை. அந்தக் கேள்வியை நான் 1988-இல் குன்றத்தூர் மலையடிவாரத்து வீடு ஒன்றில் கற்றேன். அதைச் சொன்னால்தான் பையன் நம்புவான் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியை முதலில் மிதித்தவன் நான். சேரப்பணஞ்சேரியில் எங்கள் அப்பா கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்து, சுங்குவார்சத்திரம் ரோட்டோரம் இருந்த ஆம்ப்ளிஃபையர் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நீளமான ஒரு ஓட்டுக் கொட்டகை, சால்டரிங் புகை, முதலாளிக்குக் கண்ணாடி அறை, அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கட்டுகிற மைக் செட் ஆம்ப்ளிஃபையர்கள்தான் பிழைப்பு. அந்த வருடம் முதலாளிக்கு ஒரு ஆசை வந்தது. வீட்டில் வைத்துப் பாட்டுக் கேட்கிற ஹை-ஃபை ஆம்ப்ளிஃபையர் செய்ய வேண்டும். வால்வில் ஒரு மாடல், டிரான்சிஸ்டரில் ஒரு மாடல் என்று இரண்டு வந்தன.

நான் அந்த வயதில் எதையும் பாடப் புத்தகத்தில் போட்டபடியே செய்கிறவன். கேபினெட் ஸ்க்ரூவைக்கூட எதிரெதிர் மூலையாகத்தான் முடுக்குவேன். என்னை சர்வீஸ் பிரிவில் நாதமுனி சாரிடம் விட்டார்கள்.

நாதமுனி சாருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். மனது நன்றாக இருந்தால் "நீ", "ப்பா". சின்னத் தப்பு நடந்தால் "நீங்க". என்னை "ஏழுமலை ஐயா" என்று கூப்பிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அசெம்பிளி பிரிவில் ஒருத்தரை ஒரே ஒரு முறை "தாங்கள்" என்று சொன்னாராம். அவர் அந்த வாரமே வேறு வேலை தேடிக்கொண்டார் என்று பேச்சு. வால்வு செட்டைத் திறந்துவிட்டால், இடது கையை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வலது கையால் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய சட்டம். உள்ளே ஓடுகிற வோல்டேஜ் அப்படி. இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒரு கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையில் இறங்கும். எனக்கு இது அப்படியே பழகிப்போய், தங்கச்சி நிச்சயதார்த்தத்தில் ஒற்றைக் கையால் தட்டு மாற்றப் போய் அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கு அவர் ஒரு முறை வகுத்திருந்தார். வாங்குகிறவர் கம்பெனிக்கு வர வேண்டாம், இரண்டு செட்டும் அவர் வீட்டுக்குப் போகும். முதலில் பிளக் பாயின்டில் மீட்டரை வைத்து வோல்டேஜ் பார்ப்பார். வால்வு செட்டை முன்னாலேயே போட்டுச் சூடேற விடுவார். இரண்டு செட்டுக்கும் முன்னால் கயிறு கட்டி வேட்டியைத் திரையாகத் தொங்கவிடுவார். வால்வு செட் ஆரஞ்சு நிறத்தில் ஜொலிக்கும், அதைப் பார்த்தவன் அதுதான் இனிமை என்று சொல்லிவிடுவான். "கண்ணு கேக்கக் கூடாது, காதுதான் கேக்கணும்" என்பார். பிறகு டெஸ்ட் கேசட்டைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து, இரண்டு செட்டின் சத்தத்தையும் சமமாக்குவார். ஒன்று ஒரு பொட்டு கூடுதலாகக் கேட்டாலும் மனுஷன் அதையே நல்லது என்பான். மாற்றுகிற ஸ்விட்ச் பெட்டியையும் அவரே செய்திருந்தார். ஸ்பீக்கர் டிரான்சிஸ்டர் பக்கம் போனதும் வால்வு செட் ஒரு பெரிய ரெசிஸ்டரில் போய் உட்காரும். சுமை இல்லாமல் ஓடினால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும். எல்லாம் ஆனபின் பேச்சு கூடாது. பாட்டு முடிந்ததும், முதலாவது பிடித்தால் ஒரு விரல், இரண்டாவது பிடித்தால் இரண்டு விரல். வீட்டில் முடிவு சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே விரல் காட்டினால்தான் விற்பனை. இல்லையென்றால் இரண்டு செட்டும் அங்கேயே இருக்கும், ஒத்துப்போகும் வரை கேட்கட்டும்.

இந்தச் சட்டம் எல்லா வீட்டிலும் வேலை செய்தது, குன்றத்தூர் வீட்டைத் தவிர.

அது ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டரின் வீடு. பெயர் தணிகாசலம். மனைவி வேதவல்லி அம்மா. துபாயில் இருக்கும் மகன் கேசட் டெக்கும் ஆள் உயர ஸ்பீக்கர்களும் அனுப்பியிருந்தான். ஆம்ப்ளிஃபையர் மட்டும் லக்கேஜில் கனம் என்று விட்டுவிட்டான். நாங்கள் திரை கட்டி, நாதஸ்வரக் கேசட் ஒன்றை ஓட்டி முடித்தோம். தணிகாசலம் ஐயா இரண்டு விரலைக் காட்டினார். டிரான்சிஸ்டர். வேதவல்லி அம்மா ஒரு விரல். வால்வு.

காரணம் சொல்லச் சொன்னார் சார். தணிகாசலம் ஐயா வாயைத் திறக்கவில்லை, திரைக்குப் பின்னால் இருந்த முதல் செட்டைக் காட்டிவிட்டுக் காதைக் குடைந்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வால்வு செட்டில் மெல்லிய இரைச்சல் இருந்தது. டிரான்சிஸ்டரில் அது இல்லை. அம்மாவோ, "எனக்கு மொதோதுதான். ஏன்னு கேக்காத, சொல்லத் தெரியாது" என்று முடித்துவிட்டார்கள். இரண்டையும் வைத்துவிட்டு வந்தோம்.

வாரங்கள் ஓடின. அங்கே ஒத்துப்போகிற வழியைக் காணோம். இரண்டு செட் முடங்கிக் கிடக்கிறதே என்று முதலாளிக்கு எரிச்சல். என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, இந்த மாசக் கடைசிக்குள் குன்றத்தூர் வீட்டைத் தீர்த்துக்கொண்டு வா, ஒண்ணு அங்கே நிற்கட்டும், ஒண்ணு இங்கே வரட்டும், அப்போது பெர்மனென்ட் ஆர்டர் தருகிறேன், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். நான் வெளியே வரும்போது கால் தரையில் படவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் அந்த 'அப்போது' என்கிற வார்த்தையை மட்டும் காதில் வாங்காமல், ஊர் முழுக்க "என் புள்ள பர்மென்டு" என்று சொல்லிவிட்டார். டீக்கடையில் யாரோ எனக்குக் கை கொடுத்தார்கள். இனி இறங்க வழியில்லை.

அந்த நிலையில்தான் போன் வந்தது. குன்றத்தூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வேதவல்லி அம்மா. லைன் கரகரத்தது. "பெட்டில உம் சரியில்ல, ஆள அனுப்புங்க" என்று மட்டும் கேட்டது, கட்டாகிவிட்டது.

எங்கள் தொழிலில் அந்த இரைச்சலுக்குப் பெயர் உம். "செட் உம் அடிக்குது" என்றால் அது நோய். நான் சந்தோஷத்தில் குதித்தேன். இந்த உம்மை ஒழித்துவிட்டால் தணிகாசலம் ஐயாவுக்கு வால்வு செட்டில் குறை சொல்ல ஒன்றுமிராது, இரண்டு பேரும் ஒரு விரல், நான் பெர்மனென்ட். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த வீட்டில் வேலை செய்தது போல் நான் வாழ்நாளில் எங்கும் செய்ததில்லை. இடது கை பாக்கெட்டில். எர்த் வயரில் ஒன்று லூசாக இருந்தது. எல்லா எர்த்தையும் பிரித்து ஒரே புள்ளியில் கொண்டுவந்து கட்டினேன். வால்வுகளைச் சூடேற்றுகிற ஹீட்டர் வயர்களைப் பின்னல் போட்டேன். ஃபில்டர் கண்டன்சரை மாற்றினேன். கடைசியாக, ஹீட்டர் வயர்களுக்கு நடுவே இருக்கும் சின்ன கன்ட்ரோலை ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி நட்ட நடுவில் நிறுத்தினேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டினேன். கிணற்றுக்குள் இறங்கியது போன்ற அமைதி. வேதவல்லி அம்மா காபியை வைத்துவிட்டு, "அந்த உம்ம கொஞ்சம் நல்லா பாத்து வுடுப்பா" என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். நன்றாகத்தான் பார்த்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் நின்றவருக்கு இடத்தை விட்டுக்கொடுத்து, நின்றுகொண்டே வந்தேன். உட்கார முடியவில்லை.

இரண்டு நாளில் வேதவல்லி அம்மா குடையோடு கம்பெனி வாசலில் நின்றார்கள். நாதமுனி சார் நாற்காலி போடச் சொன்னார். பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"பொணமாட்டம் கீது."

சார் என் பக்கம் திரும்பினார். "ஏழுமலை ஐயா. உம் போச்சுன்னு சொன்னீங்களே."

"போச்சு சார். சுத்தமா போச்சு."

"அதத்தான நானும் சொல்றேன்" என்றார்கள் அந்த அம்மா. "போச்சு."

அப்புறம்தான் விஷயம் முழுசாக வெளியே வந்தது. தணிகாசலம் ஐயா முப்பது வருடம் பஸ்ஸில் உள்ளே போ, உள்ளே போ என்று கத்தியவர். ரிட்டயரான மறுநாள், பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது என்று வாயை மூடிவிட்டாராம். சாப்பாடு, காபி, பேப்பர், பாட்டு. வீட்டில் வேறு ஆள் இல்லை.

"பேச வாணாம். வயசாச்சி, வுட்டுடலாம். கத சொல்றப்போ ஒரு உம் கொட்டக் கூடாதா? செவுத்தாண்ட பேசறாப்ல கீது. இந்தப் பெட்டியப் போட்டுட்டுப் பேசினா, அது பாட்டுக்கு உம்முன்னு கேட்டுக்கினு இருந்துச்சி. நடுவுல கொஞ்சம் வுட்டு வுட்டு கொட்டிச்சேன்னு போன் பண்ணா, இந்தத் தம்பி வந்து அத்த ஊமையாக்கிட்டுப் பூட்சி."

உம் அடிப்பது நோய். உம் கொட்டுவது வேறு. கரகரத்த லைனில் அந்த ஒரு வினைச்சொல் விழுந்துபோய்விட்டது, நான் நோயென்று நினைத்து உயிரை எடுத்துவிட்டேன்.

நாதமுனி சார் கொட்டகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து உம்மை ஒழித்துக்கொண்டிருப்பவர் அவர். கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். "எடுக்கச் சொன்னா எந்த செட்லயும் எடுப்பேன். வைக்கறது எப்படின்னு எனக்குத் தெரியாதுப்பா. நீ எடுத்த, நீயே வை."

அந்த "ப்பா"வில் எனக்கு உயிர் வந்தது. செட்டைக் கொண்டுவந்து திறந்தேன். செய்ததையெல்லாம் திருப்பிச் செய்தால் போதும் என்று நினைத்தது தப்பு. பழைய கண்டன்சரைப் போட்டால் வெறிபிடித்த மாதிரி உறுமியது. எர்த்தை லூசாக்கினால் விக்கல் எடுத்தது. வேண்டியது அதில்லை. ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ம்ம் என்று கேட்பது மாதிரி இருக்க வேண்டும். புத்தகத்தில் உம்மைக் குறைக்கப் பக்கம் பக்கமாக வழி இருந்தது, நல்ல உம் செய்ய ஒரு வரிகூட இல்லை. பிறகுதான் அந்தச் சின்ன கன்ட்ரோல் கண்ணில் பட்டது. நடுவில் நின்றால் உம் சாகிறது என்றால், நடுவை விட்டு நகர்ந்தால் பிறக்க வேண்டும் இல்லையா? நகர்த்தினேன். பிறந்தது. சுத்தமாக, ஆழமாக, விக்கல் இல்லாமல். அதை நீட்டிச் செட்டின் முதுகுப் பக்கம் கொண்டுவந்து, ஒரு குமிழ் மாட்டி, பெயின்டில் 'உம்' என்று எழுதினேன்.

சார் வந்து, பாக்கெட்டில் கையைப் போட்டுக்கொண்டு, குமிழில் கரண்ட் ஏறவில்லையே என்று மீட்டரால் சோதித்தார். பிறகு ஸ்பீக்கர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து குமிழை லேசாகத் திருப்பினார். உம்ம்ம் என்றது. கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, யாரும் கேட்காமலே, எங்க வீட்டு கிணத்து மோட்டார் மறுபடி இழுக்க மாட்டேங்குது என்றார். உம்ம்ம் என்றது. மச்சான்கிட்ட சொன்னேன், அவன் காதுலயே வாங்கல என்றார். உம்ம்ம். டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றுகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்று மத்தியானம் டீ பிரேக்கில் அந்த ஸ்டூலுக்கு வரிசை நின்றது. பேக்கிங்கில் இருந்த ஒருத்தர் ஓவர்டைம் காசு கொடுக்காத கதையைச் சொல்ல ஆரம்பித்து, கண்ணாடி அறைப் பக்கம் பார்த்துவிட்டு, குரலை இறக்கிக் குமிழை ஏற்றினார்.

செட் குன்றத்தூருக்குப் போனது. வேதவல்லி அம்மா குமிழைத் திருப்பிப் பார்த்து, இது அக்கம்பக்கத்துக் கதைக்கு, இது மாமியார் கதைக்கு, கொஞ்சம் ஜாஸ்தி வைக்கணும் என்று அளவு பார்த்துக்கொண்டார்கள். ஹாலில் பிரம்பு நாற்காலியில் இருந்த தணிகாசலம் ஐயா பேப்பருக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கினார். நான் ஆசையோடு விரல் கேட்டேன். அம்மா ஒன்று. ஐயா இரண்டு. பழையபடியே.

மாசக் கடைசி வந்தது. அன்றும் அதேதான் என்றால் நான் இரண்டு செட்டையும் கம்பெனிக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டு, அப்படியே என் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அப்பா முகத்தை நினைத்தபடி அந்த வீட்டு வாசலில் நுழைந்தேன். அம்மா ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டே பெட்டியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மணிமங்கலம் பக்கம் அவர்கள் வீடு. டைப்ரைட்டிங் கிளாஸுக்குத் தினமும் பஸ்.

"அப்பல்லாம் எங்க வூட்டு எதுராவே பஸ் ஸ்டாப்பு. புளியமரத்தாண்ட. எறங்கினா வூடு. மழைல கூட நனைய மாட்டேன்."

பெட்டி உம்ம்ம் என்றது.

"அங்க ஸ்டாப்பே கெடையாது."

நான் முதலில் பெட்டியைத்தான் பார்த்தேன். பேசியது பிரம்பு நாற்காலி. தணிகாசலம் ஐயா பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார். "எதச் சொன்னாலும் உம் கொட்டுது பாரு, லூசுப் பெட்டி" என்று சொல்லி, பின்பக்கம் கையை விட்டுக் குமிழை நடுவுக்குத் திருப்பினார். வீடு அமைதியானது.

"ஸ்டாப்பு ஊர் முனையில கீது. புளியமரத்தாண்ட நான்தான் விசிலடிச்சி நிறுத்துவேன்."

வேதவல்லி அம்மாவின் கையில் கீரை அப்படியே நின்றது. அந்த அம்மா பேச்சில்லாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தணிகாசலம் ஐயா தரையிலேயே, எதிரில், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"உம், சொல்லு" என்றார்.

அம்மா சொன்னார்கள். முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு வேகமாக. அவர் உம் என்றார். ஓரிடத்தில் உஹூம் என்று தலையாட்டினார், அங்கே திருத்தம் நடந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, ஸ்பீக்கர் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அம்மா என் பக்கம் திரும்பினார்கள்.

"இத எடுத்துக்கினு போ தம்பி. ரெண்டு பேரு உம் கொட்டினா எனக்குக் கத மறந்து பூடும்."

விரல் கேட்டேன். சட்டம் சட்டம்தானே. இரண்டு பேரும் இரண்டு விரலைக் காட்டினார்கள், அம்மா கீரைக் கையோடு. டிரான்சிஸ்டர். தீர்ந்தது. நான் பெர்மனென்ட். வால்வு செட்டை, இரும்பு மாதிரி கனக்கிற அதை, தனி ஆளாக அள்ளித் தோளில் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் தெருவில் இறங்கினேன். மலைக் கோயில், கடைவீதி, எதிரில் வந்த மாடு, எல்லாமே எனக்காகச் சிரித்தன. பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போதுதான் தார் ரோடு காலைச் சுட்டது. செருப்பை அந்த வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டேன்.

செட்டைத் தோளில் வைத்தபடியே திரும்பி நடந்தேன். வாசலில் குனிந்து செருப்பைத் துழாவும்போது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. இப்போது அதில் கோபம் இருந்தது.

"அப்போ எங்கப்பாவ மட்டும் ஏன் தெனமும் ஊர் முனையில எறக்கி வுட்டீங்க? முட்டிவலியோட அவ்ளோ தூரம் நடந்து வருவாரு."

தணிகாசலம் ஐயா சொன்னார்:

"உங்கப்பா ஸ்டாப்புலதான எறங்கணும்."

நான் செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். சிரிப்பு உள்ளே கேட்டுவிடக் கூடாதே.